முதல் அரை நிமிடத்தில் என்ன வாசிப்பது?

பங்குனி பிறந்துவிட்டால் ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மேளக்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. பொங்கல் சாட்டிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடி முடியும்வரை அலைச்சல்தான். அதன்பின் கை காயும் மாதங்களும் வரும். அப்போதுதான் தீம் பார்க், ரிசார்ட், அரசு கலைவிழா என்று வேறு மேடைகள் கண்ணில் படுகின்றன. அங்கே முன்பணம் கொடுத்துத் தேதி சொல்பவர் யாரும் இல்லை. முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். பல இடங்களில் சில நிமிட வீடியோதான் கேட்கிறார்கள். விடிய விடிய வாசித்துப் பழகியவர்கள் தடுமாறுவது இந்தச் சில நிமிடங்களில்தான்.

தீம் பார்க்கில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டு 1955 ஜூலை 17 அன்று திறந்தபோதே அதற்கென்று ஒரு பேண்டு இருந்தது. வீசி வாக்கர் தலைமையில் இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று அமர்த்தினார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால் அது நிலைத்துவிட்டது. 1971 முதல் கல்லூரி மாணவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கோடைதோறும் தனியாக ஒரு பேண்டும் நடத்தினார்கள். அங்கே ஆடிஷனுக்கு வருகிறவர் வித்தை தெரிந்தவரா என்பதோடு கேள்வி முடியாது. நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், வெயிலில் முகம் சுளிக்கக் கூடாது, ராட்டினத்துக்கு ஓடுகிற குழந்தையை நின்று பார்க்க வைக்க வேண்டும்.

இதெல்லாம் நம் நையாண்டி மேளத்துக்குப் புதிதா என்ன? இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம்: மைக் இல்லாமலே ஒரு தெருவை நிறைக்கிற சேர்மானம். கரகாட்டக்காரரின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து அடியை மாற்றுகிற தவில்காரருக்கு, பார்வையாளரின் முகம் பார்த்து வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறை எதில் என்றால் உருப்படியைத் தேர்ந்தெடுப்பதில்.

இருப்பதிலேயே கடினமானதை எடுத்துப்போவது முதல் தவறு. வானொலித் தேர்வுக்கு அது சரியாக இருக்கலாம். 1952-க்குப் பிறகு வந்த அந்தத் தேர்வு முறையில் வாசிப்பவர் யார் என்று தெரியாமல் இசையை மட்டும் கேட்டு பி, பி-ஹை, ஏ என்று தரம் போடுவார்கள். ராகமும் கணக்கும் அங்கே பேசும். தீம் பார்க் வாசலில் நிற்கிறவர் டிக்கெட் வாங்கியவர், உட்கார்ந்து கேட்க வந்தவரல்ல. நீண்ட ஆலாபனை தொடங்கினால் ராகம் பிடிபடும் முன்பே அவர் போய்விடுவார்.

நேற்று வந்த சினிமாப் பாட்டை மட்டும் நம்புவது இரண்டாவது தவறு. அதை ஸ்பீக்கரில் போட்டாலே போதுமே, மேளம் எதற்கு? என்னைக் கேட்டால், தவிலும் பம்பையும் உருட்டிக்கொண்டு எழும்பும் உங்கள் ஊர் அடியோடுதான் தொடங்க வேண்டும். வேறு யாரிடமும் கிடைக்காத சரக்கு அது. சினிமாப் பாட்டு இரண்டாவதாக வரட்டும். அதையும் நாகசுரத்துக்கென்றே பிறந்ததாகப் பாருங்கள். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ நல்ல உதாரணம். ஆபேரி என்ற பெயரே தெரியாதவர்களும் தலையாட்டினார்கள். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அவர் ராகத்தை நீர்க்க விடவில்லை, சுருக்கிக் கொடுத்தார். குரல் ஒரு பிடி பிடித்தால் நாதஸ்வரம் அதை வாங்கித் திருப்பித் தரும். அந்தப் பேச்சுவார்த்தைதான் கூட்டத்தை நிறுத்துகிறது. இரண்டு நாயனம் உள்ள செட் இதை அப்படியே செய்யலாம்.

வெளிநாட்டார் நிறைய வரும் இடமென்றால் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சங்கராபரணத்தில் சுமார் 40 நோட்டுஸ்வர சாகித்தியங்களைச் செய்தார். நேரான நடை, குட்டி வடிவம். கிளாரினெட்டோ டிரம்பெட்டோ சேர்ந்தாலும் மல்லுக்கட்டாது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏ.சி. ஓடும் அறையில் காத்திருக்கச் சொன்னால் நாயனத்தின் சீவாளி காய்ந்துவிடும். பெயர் கூப்பிட்டபின் எச்சிலில் நனைத்து, ஊதிப் பார்த்து, ஒத்துவராமல் நாயனத்தில் தொங்கும் இன்னொன்றை மாட்டுவதற்குள் கிடைத்த நேரத்தில் பாதி போய்விடும். சீவாளி பதமாகும்வரை தவில் முன்னே போகிற மாதிரி வரிசையை அமைத்துக்கொண்டால் அந்தத் தொல்லையே இல்லை. வலக்கை விரல்களில் கூடு மாட்டிய தவில்காரர் உள்ளே நுழையும்போதே தயாராக இருப்பவர்.

வீடியோ அனுப்புவதென்றால் கல்யாண மண்டபத்தில் எடுக்க வேண்டாம். சுவர் எதிரொலியில் தவில் நாயனத்தை விழுங்கிவிடும். திறந்த தெருவில், பகல் வெளிச்சத்தில், பத்தடி தள்ளி போனை வைத்து எடுங்கள். நடந்து வாருங்கள், ஒரு திருப்பத்தில் நின்று சுற்றி ஆடுங்கள். அனுப்புவதற்குமுன் மேளம் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று கேளுங்கள். அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.