வண்ணத்துப்பூச்சி நீச்சலில் சுவாச முறை

மாணவர்களே, அச்சுவேலிக்கு அயலிலுள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். எத்தூரம் நீந்தினாலும் மூச்சைச் சரியாகப் பங்கிடுவது அவசியம். வண்ணத்துப்பூச்சி நீச்சலில் இது சற்றுக் கடினமானது.

மூச்செடுக்கும் வேளை: கைகள் நீரைப் பின்தள்ளி முடிக்கும்போது நாடியை முன்நீட்டி வாயால் மூச்செடுங்கள். கைகள் மீண்டும் நீரில் விழமுன் முகம் உள்ளே செல்ல வேண்டும். மூச்சை நீருக்குள்ளேயே வெளிவிடுங்கள். தலையை அதிகம் உயர்த்தினால் இடுப்பு தாழும், நீரின் தடை கூடும், வேகம் குறையும்.

எத்தனை வீச்சுக்கு ஒரு மூச்சு?

1. 50 மீற்றர்: மிகச் சில மூச்சுகள்.
2. 100 மீற்றர்: பலர் இரு வீச்சுக்கு ஒன்று.
3. 200 மீற்றர்: பெரும்பாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒன்று.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100, 200 மீற்றர் இரண்டிலும் வென்ற மைக்கல் பெல்ப்ஸ் பொதுவாக ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்செடுத்தவர். ஆகவே மூச்சைக் குறைப்பது மட்டும் வெற்றி தராது.

எச்சரிக்கை: மூச்செடுக்கத் தூண்டுவது பிரதானமாகக் குருதியில் கூடும் காபனீரொட்சைட்டே. நீந்துமுன் வேகமாகப் பலமுறை மூச்சுவிட்டால் அது குறையும். ஒட்சிசனோ அதிகம் கூடாது. பின்னர் மூச்சை அடக்கினால், மூச்செடுக்கும் உந்தல் வரமுன்னரே ஒட்சிசன் குறைந்து மயக்கம் வரலாம். நீருக்குள் மயங்குவது உயிராபத்து. மூச்சடக்கும் பயிற்சியைத் தனியே ஒருபோதும் செய்யாதீர்கள்.

பயிற்சி வினா: தலையை அதிகம் உயர்த்தினால் வேகம் குறைவது ஏன்?