நடனம் அறியாதோருக்கும் ஒரு கைப்பிடி

பெருநகர உடற்பயிற்சிக் கூடங்களில் அண்மைக் காலமாக ‘பார்’ வகுப்பு என்னும் அறிவிப்பைக் காண்கிறோம். பெயரைக் கேட்டு வேறெதையும் எண்ண வேண்டாம். பாலே நடனம் பயில்வோர் சமநிலைக்காகப் பற்றிக்கொள்ளும் கைப்பிடிக் கோலுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் அது. சுவரோரமாக ஏறத்தாழ இடுப்பளவு உயரத்தில் அது பொருத்தப்பட்டிருக்கும்.

‘நமக்கு நடனம் தெரியாதே’ என்று பலர் வாசலோடு திரும்பிவிடுகின்றனர். அந்தத் தயக்கம் தேவையற்றது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய நடனக் கலைஞர் லோட்டே பெர்க், முதுகில் காயமுற்ற பின்னர், பாலே பயிற்சிகளையும் மருத்துவ மறுவாழ்வுப் பயிற்சிகளையும் இணைத்து வகுத்த முறை இது. 1959-இல் லண்டனில் அவர் தமது பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். உடலை உறுதிப்படுத்துவதே அங்கு நோக்கம், நடனம் கற்பிப்பதன்று.

கவுன்ட்டரிலும் கணினித் திரை முன்பும் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் நாங்கள் சிலர் இவ்வகுப்பில் சேர்ந்து பார்த்தோம். துள்ளலோ சுழற்சியோ இல்லை. கோலைப் பற்றி, குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்புறம் திருப்பி முழங்காலை மடக்கச் சொல்கிறார்கள். பரதநாட்டியத்தின் அரைமண்டியைக் கண்டவர்களுக்கு இந்நிலை அந்நியமாகத் தோன்றாது. பின்னர் ஓர் அங்குல அளவுக்கு மட்டும் ஏறி இறங்க வேண்டும். இறுதியில் அசையாமல் நிற்க வேண்டும். சிறிது நேரத்திலேயே தொடைகள் நடுங்கத் தொடங்குகின்றன. தசை களைப்படைவதன் அடையாளமே இந்த நடுக்கம், அச்சம் வேண்டாம். நடனம் பயின்றவருக்கும் அது வரும்! கைகளுக்கு ஒரு கிலோ அளவிலான எடைகள் போதும். வழுக்காதிருக்க அடியில் ரப்பர் புள்ளிகள் கொண்ட காலுறை அணிவது வழக்கம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பாதங்களை இடுப்பிலிருந்து இயல்பாகத் திரும்பும் அளவுக்கே திருப்ப வேண்டும். வலிந்து திருப்பினால் சுமை முழங்காலில் விழும். அடுத்து, அசையாமல் நிற்கும்போது நம்மை அறியாமல் மூச்சை அடக்கிவிடுகிறோம். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். இரத்த அழுத்தமோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு, பயிற்றுநரிடமும் முன்கூட்டியே தெரிவித்துவிடுதல் நன்று.

இப்பயிற்சி எல்லாவற்றுக்கும் ஈடாகிவிடாது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரு நாள்களேனும் தசை வலுப்பயிற்சியும் தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ‘பார்’ வகுப்பு பெரிதும் உதவுவது இரண்டாவதற்கே, நடைப்பயிற்சியை விட்டுவிடலாகாது. கூடத்திற்குச் செல்ல இயலாதவர்கள் வீட்டில் நகராத சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்தத் தொடங்கலாம். சக்கர நாற்காலி மட்டும் வேண்டாம்.

இனி, நமக்குப் பழகிய கணக்கு. முதல் நாளிலேயே ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் தள்ளுபடி என்பார்கள். வாரம் மூன்று முறை செல்வதாக எண்ணிச் செலுத்தி, ஒருமுறை மட்டுமே சென்றால் ஒரு வகுப்பின் அடக்கவிலை மூன்று மடங்காகும். ஆகவே தனி வகுப்புக் கட்டணத்தில் நான்கைந்து முறை சென்று பார்த்த பின்னர் முடிவு செய்வதே சரியென்பது எங்கள் கருத்து. இடையில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கூடங்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. ரசீதில் அதைச் சரிபார்க்கவும். மாதக் கட்டணத்துக்கு ஆட்டோ டெபிட் ஒப்புதல் அளித்திருந்தால், பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வரும். பயிற்சியை நிறுத்துவோர் கூடத்திடம் சொல்வதோடு நின்றுவிடாமல், வங்கிச் செயலியிலோ கிளையிலோ அந்த ஒப்புதலையும் இரத்து செய்துவிட வேண்டும்.