ஒளியை விழுங்காத உலோகம் எது?

தாமிரம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி ஓடும் தாமிரபரணியின் கரையில், ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள், நெடுங்காலம் மண்ணுள் கிடந்தும் மஞ்சள் ஒளி மங்காதிருப்பது ஏன்? பொன் காற்றோடும் நீரோடும் எளிதில் சேராது. அதன் எலெக்ட்ரான்கள், ஏறத்தாழ 500 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய நீல ஒளியை விழுங்குவதால், எஞ்சிய ஒளி மஞ்சளாகத் திரும்புகிறது. தாமிரமோ 590 வரை விழுங்கிச் சிவக்கிறது.

மயிரிழையினும் மெல்லிய கம்பியில் ஒளியை எலெக்ட்ரான் அலையாக ஓட்ட முயலும் விஞ்ஞானிக்கு இவ்விழுங்கலே நஷ்டம்; ஒளி உஷ்ணமாகிக் கரைந்துவிடும். புற ஊதாவில்தான் அவ்வாறு விழுங்கத் தொடங்கும் வெள்ளியே, கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு உத்தமம். ஆனால் கந்தகம் பட்ட கொலுசைப்போல் அது கறுத்துவிடும். ஆகவே, ஒரே படிகமாக வளர்த்து, மெல்லிய காப்புப் படலம் போர்த்தி, வெள்ளிக்குப் பொன்னின் ஸ்திரத்தன்மையை ஊட்டுவதே வழி.