அஞ்சு வகுப்பு, மூணு டீச்சர்: ஒரு ஆர்.சி. பள்ளியோட கணக்கு

போன எபிசோடுல "நான் கிறிஸ்டியன் ஸ்கூல்ல படிச்சவன்"னு போற போக்குல சொல்லியிருந்தேன். உடனே நாலஞ்சு பேர், "ஓ, கான்வென்ட்டா? அதான் இங்கிலீஷ் நல்லா வருது"ன்னு மெசேஜ் போட்டிருந்தீங்க. இல்லைங்க. சென்னையில கான்வென்ட்னு சொன்னா டை, ஷூ, டெர்ம் ஃபீஸ்தான் ஞாபகம் வரும். நான் படிச்சது தூத்துக்குடி மாவட்டத்துல, கோயில் காம்பவுண்டுக்குள்ள இருக்கிற ஒரு ஆர்.சி. துவக்கப்பள்ளி. ஆர்.சி.ன்னா ரோமன் கத்தோலிக்கம். எங்க ஊர்ல சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். தமிழ் வழிக் கல்வி, ஃபீஸ் கிடையாது, போர்டுல பேருக்குக் கீழ 'அரசு உதவி பெறும் பள்ளி'ன்னு எழுதியிருக்கும். அந்த நாலு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கே இந்த வருஷம்தான் புரிஞ்சுது.

எங்க சித்தி இப்போ அதே பள்ளியிலதான் டீச்சர். ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் நடந்துச்சு. ஊருக்குப் போயிருந்த நானும் போய்ப் பின்னாடி பெஞ்சுல உக்காந்தேன். தலைமை ஆசிரியை ஒரு சிஸ்டர். மைக் பிடிச்சு ஒவ்வொருத்தரா அறிமுகம் செஞ்சாங்க: ஃபாதர்தான் தாளாளர், அப்புறம் ரெண்டு டீச்சர், சத்துணவு அமைப்பாளர், சமையல் அக்கா, காலை உணவு சமைக்கிற மகளிர் குழுவுல இருந்து ரெண்டு பேர். எல்லாரும் கைகூப்பிட்டு உக்காந்தாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. வெளிய வந்ததும் சித்திகிட்ட சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: "இவங்க எல்லாருக்கும் சம்பளம் யார் குடுக்கறா?"

அங்கதான் கதை ஆரம்பிச்சுது. அந்த வரிசையில நின்ன ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழியா அங்க வந்தவங்க. டீச்சரைத் தேர்ந்தெடுக்கறது நிர்வாகம், அதாவது மறைமாவட்டமோ சபையோ. சிறுபான்மையினர் தங்களோட கல்வி நிறுவனங்களைத் தாங்களே அமைச்சு நடத்தலாம்னு அரசமைப்புச் சட்டம் 30-வது பிரிவு சொல்லுது, அதுல வர்ற உரிமை இது. ஆனா சம்பளம் அரசு கஜானாவுல இருந்து வருது. நடுவுல கல்வி அலுவலகம் அந்தப் பணியிடத்துக்கு 'ஒப்புதல்' தரணும். ஒப்புதல் வர்ற வரைக்கும் நிர்வாகம் தன் கையில இருந்து ஏதோ கொஞ்சம் குடுக்கும். சித்தி அப்படி நாலு வருஷம் காத்திருந்தாங்க. அந்த நாலு வருஷத்துல சித்தப்பா வாங்குன கடன் பத்தி வீட்ல யாரும் பேசறதில்ல.

சிஸ்டர் கதை இன்னும் விசித்திரம். மத்த டீச்சருக்கு வர்ற மாதிரியே அவங்களுக்கும் அரசு சம்பளம் வருது. ஆனா வறுமை வாக்குத்தத்தம் எடுத்தவங்க, சொந்தமா எதையும் வெச்சுக்கக்கூடாது. பணம் சபைக்குப் போயிடும். "கைக்கே வராத பணத்துக்கு வருமான வரி எதுக்கு?"ன்னு தமிழ்நாட்டுச் சபைகளும் கேரளச் சபைகளும் வருஷக்கணக்கா வழக்கு நடத்துச்சு. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், வரி பிடிக்கறது சரிதான்னு சொல்லிடுச்சு.

காலை உணவுக் குழு அந்த வரிசைக்கு வந்து ரொம்ப நாள் ஆகல. அரசுப் பள்ளியில 2022-லயே ஆரம்பிச்ச திட்டம், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-லதான் வந்துச்சு. அந்த விரிவாக்கத்தைத் தொடங்கி வெச்ச இடமும் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில ஒரு கத்தோலிக்கத் துவக்கப்பள்ளிதான். நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26-ல விரிவாக்கினப்பவும் விழா நடந்தது மயிலாப்பூர்ல ஒரு கத்தோலிக்கப் பள்ளியில. பொங்கல் போடற அன்னைக்கு லேட்டா வர்ற பிள்ளையே இல்லைன்னு சித்தி சொல்றாங்க.

சரி, வகுப்புக்குள்ள போவோம். அஞ்சு வகுப்பு, சிஸ்டரையும் சேர்த்து மூணே டீச்சர். சித்திக்கு ஒண்ணும் ரெண்டும். இன்னொரு டீச்சருக்கு மூணு. நாலும் அஞ்சும் சிஸ்டருக்கு, அதுவும் ஆபீஸ் வேலைக்கு நடுவுல. ஒரே ரூம்ல ரெண்டு வகுப்பை எப்படி நடத்தறது?

நான் படிச்சப்போ அதுக்கு ஒரு பதில் இருந்துச்சு. என் வயசுல இருக்கிற, தமிழ் மீடியத்துல படிச்ச ஆளுங்களுக்குச் சட்டுனு ஞாபகம் வரும்: அட்டை! செயல்வழிக் கற்றல். ரிஷி வேலி பள்ளியோட கிராமத்துப் பள்ளிகள்ல உருவான முறை. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு, 2007-08-ல மாநிலம் முழுக்க வந்துச்சு. சுவத்துல ஏணிப் படம் ஒட்டியிருக்கும். நீ எந்தப் படியில இருக்கியோ அந்தப் படத்துக்கான அட்டையை நீயே போய் எடுக்கணும். தரையில பாய் போட்டு வட்டமா உக்காரணும். டீச்சரும் கீழதான் உக்காருவாங்க. சுவத்தோட அடியில நம்ம உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். எனக்கு அது சொர்க்கம். ஒரு நாள்ல அஞ்சு அட்டை முடிப்பேன். ஆனா என் பக்கத்துல உக்காந்த பையன் ஒருத்தன் ஒரே படியில மாசக்கணக்கா நின்னான். டீச்சர் அவன்கிட்ட வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும். அந்த முறையைப் பாராட்டிப் பேசறப்பல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும்.

இப்போ 'எண்ணும் எழுத்தும்'. கொரோனா இடைவெளியைச் சரிக்கட்ட 2022 ஜூன்ல அரசு தொடங்கினது. வகுப்பைப் பார்க்காம, பிள்ளைக்கு என்ன தெரியும்னு பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. சித்தி வகுப்புல ஒரு காலைப் பொழுது இருந்து பார்த்தேன். முதல்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாட்டு, ஒரு கதை. அப்புறம் பிரிச்சு விடறாங்க: ஒரு கூட்டம் எழுத்து அட்டை கோக்குது, ஒரு கூட்டம் பயிற்சி நூல்ல எழுதுது. சித்தி நடுவுல ஒரு பையன் பக்கத்துல முழங்கால் போட்டு உக்காந்து, 'ழ'வை அவன் விரலைப் பிடிச்சு மணல்ல எழுத வெச்சாங்க. இருபது நிமிஷம், அவன் ஒருத்தனுக்கே. அந்த வகுப்புல 24 பேர். அதனாலதான் அது முடிஞ்சுது.

மதம்? காலையில ஒரு ஜெபம். வாரத்துல ஒரு பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைங்க மறைக்கல்விக்குப் போவாங்க, நாங்க மீதிப் பேர் நன்னெறி வகுப்புக்கு. அரசு உதவி வாங்கற பள்ளியில பெற்றோர் சம்மதம் இல்லாம ஒரு பிள்ளைக்கு மதபோதனை செய்யக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. நன்னெறி வகுப்புல பெரும்பாலும் கதைதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு பள்ளிக்கு எத்தனை டீச்சர்னு முடிவு பண்றது ஆகஸ்ட் 1 அன்னைக்கு இருக்கிற மாணவர் எண்ணிக்கை. 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 61-ல இருந்து மூணு. எங்க பள்ளியில ஜூன்ல 63 பேர். ஜூலையில ரெண்டு பிள்ளைங்க வேன் வந்து கூட்டிட்டுப் போற இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிட்டாங்க. அப்போ 61. இன்னும் ஒரே ஒரு பிள்ளை போனா, இருக்கறதுலயே ஜூனியரான சித்தி 'உபரி'. அதே நிர்வாகத்தோட வேற பள்ளிக்கு, எங்க காலியிடம் இருக்கோ அங்க அனுப்பிடுவாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் ஒரே டீச்சர் தலையில விழும். ஜூலை கடைசி வாரம் முழுக்க சித்தியும் சிஸ்டரும் சாயங்காலம் வீடு வீடா போனாங்க.

ஆகஸ்ட் 1 தாண்டிடுச்சு. 61 அப்படியே நின்னுது. ஒரு மாசம் நிம்மதி. செப்டம்பர் 1-ந் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு: பணியில இருக்கிற ஆசிரியர்களும் டெட் பாஸ் பண்ணணும், ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு ரெண்டு வருஷம் டைம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமாங்கற கேள்வியை மட்டும் பெரிய அமர்வு முடிவு பண்ணட்டும்னு அனுப்பியிருக்காங்க. அதனால சித்தி எழுதணுமா வேண்டாமான்னு இப்போதைக்கு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல.

சித்தி காத்திருக்கல. 44 வயசு. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் கைடு எடுத்து உக்காந்திடறாங்க. 150 கேள்வியில 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். நேத்து எனக்கு ஃபோன் பண்ணி, பியாஜே சொன்ன நிலைகள்ல ஆறு வயசுப் பிள்ளை எதுல வரும்னு கேட்டாங்க. நான் கூகுள் பண்ணித்தான் சொன்னேன். "சரி, அப்படியே எழுதிக்கறேன்"னு வெச்சுட்டாங்க.