லொறித் தரையின் கீழே ஊறும் ஈரம்

சந்தைக்குச் சரக்கு ஏற்றும் லொறியை வைத்திருக்கும் நமது சகோதரர்கள் டயரையும் எஞ்சினையும் நன்றாகக் கவனிக்கிறார்கள். பொடியின் தரைக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பல வருடங்கள் புதிய லொறி வராததால் பழையவையே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றில் நான் அதிகம் காணும் நோய், மேலே புது பெயின்ட், அடியில் ஊறிய பலகை என்பதுதான்.

மூடிய பொடி ஒன்றின் தரை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் பார்ப்போம். சேசியின் மேல் இரும்புக் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் பலகை, பலகையின் மேல் தகடு. தகட்டின் விளிம்பாலோ ஆணித் துவாரத்தாலோ இறங்கும் தண்ணீர் மீண்டும் மேலே வர வழியில்லை. கீழே தார் பூசியிருந்தால் அந்தப் பக்கமும் அடைபட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் பலகை மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது உக்குவதில்லை. அதைத் தாண்டி ஊறிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், போல்ட்டுகள் துருவேறும், ஒரு நாள் சீமெந்துப் பைகளோடு தரை இறங்கும்.

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரையின் ரிவெட் துவாரத்தால் வரும் நீர் சுவருக்குள்ளால் ஓடிப் பின்கதவு மூலையில் தலைகாட்டும். ஆகவே எப்போது நனைகிறது என்று கவனியுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது மழையில் நனைந்தால் கோளாறு கூரையில் அல்லது கதவு ரப்பரில். மழையில் ஓடும்போது மட்டும் நனைந்தால் சில்லு அடிக்கும் நீர் கீழாலே ஏறுகிறது. மழையே இல்லாமல் விடியற்காலையில் தகடு நனைந்திருந்தால் அது ஒழுக்கல்ல, வியர்வை. மரக்கறி மூச்சு விடும் பொருள். அது விடும் ஈரக்காற்று, நுவரெலியாக் குளிரில் ஆறிய தகட்டில் பட்டால் நீராகிவிடும். இதற்கு எவ்வளவு சிலிக்கன் பூசினாலும் பலனில்லை, காற்றோட்டத் துவாரம் வைப்பதே வழி.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே ஹோஸால் தண்ணீர் அடிக்க வேண்டும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து பத்து நிமிடம். கூரையில் தொடங்கினால் நீர் எல்லாப் பக்கமும் வழிந்து ஒன்றும் புரியாது. பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், ஊறியது மந்தமாகச் சத்தமிடும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

இங்கேதான் பல கராஜ்களில் நடக்கும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். லொறியை விற்பதற்கு முன் சேர்விஸ் போட்டு, காயாத அடியில் அப்படியே தார் அடித்துவிடுகிறார்கள். பார்வைக்குக் கன்னங்கரேலென்று அழகாக இருக்கும், உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஈரத்தை மறைத்து விற்பது பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்ற வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். லொறிக்கும் இதே சட்டம்தான். ஆகவே வாங்குபவர் தரைத் தகட்டின் ஒரு மூலையைக் கழற்றிக் காட்டும்படி கேட்க வெட்கப்படக் கூடாது. மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

திருத்தும் வேலையில் பாதி, காயவைப்பதுதான். தகட்டைக் கழற்றி, உக்கிய பலகையை மாற்றி, மற்றதைப் பல நாள் வெயிலிலும் காற்றிலும் விட வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, ரெட் ஒக்சைட் பூசி, அதன் பின்னரே பெயின்ட். மூட்டுகளுக்குப் பொலியூரிதேன் நல்லது. வினாகிரி வாசம் அடிக்கும் மலிவான சிலிக்கன் இரும்பை அரிக்கும், அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது. நீர் வடியும் துவாரங்களை ஒருபோதும் அடைக்காதீர்கள். பழைய என்ஜின் ஒயிலை அடியில் பீச்சுபவர்களும் இருக்கிறார்கள். துரு கொஞ்சம் தள்ளிப்போகும்தான், ஆனால் புஷ் ரப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

மீன் ஏற்றுபவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். உப்பு காய்ந்துவிட்டாலும், காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது அதுவாகவே நீரை இழுத்துக் கரையும். நமது கரையோரங்களில் இரவுகள் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் தரையின் மேற்பக்கத்தை மட்டுமல்ல, சேசியையும் கழுவ வேண்டும்.

கிழக்கில் இருப்பவர்கள் இந்த வேலையை ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் முடித்துவிடலாம். கொழும்பு, காலிப் பக்கம் ஜனவரி, பெப்ரவரிதான் பொருத்தம். காப்புறுதியை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம், துருவும் தேய்மானமும் வழமையாக அதில் அடங்குவதில்லை.