கணினியில் ஒரு குறிப்பேடு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டில் ஏறாத சுரைக்காயும் பல வேளைகளில் கறிக்கு உதவாமற் போகிறது என்பதைத் தொழில் செய்வோர் அனுபவத்தில் அறிவர்.

நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு, முன்னர் நெய்து கொடுத்த அதே அரக்கு நிறத்தில் மீண்டும் சேலைகள் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. அந்நிறத்தைத் தோய்த்த சாயக்காரர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் அளவுகளை எழுதி வைத்திருந்த நோட்டோ, ஒழுகிய கூரையின் கீழ் நனைந்து மை கலைந்து கிடந்தது. மூன்று முறை தோய்த்துப் பார்த்தும் நிறம் ஒத்துவரவில்லை. ஆர்டர் வேறிடம் சென்றது. தறிகள் சில வேலையின்றி நின்றன. ஒரு மனிதரின் நாற்பதாண்டு அறிவு ஒரு மழையில் கரைந்தது.

பயிரிடுவோர் நிலையும் இதுவே. எந்தத் தேதியில் விதைத்தோம், எந்த மருந்தை எவ்வளவு அடித்தோம், என்ன விலைக்கு விற்றோம் என்பவை ஒரு போகம் கழிவதற்குள் மறந்துபோகின்றன.

இன்று பெரும்பாலான சங்க அலுவலகங்களில் மேஜைக் கணினி ஒன்று உள்ளது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டுமே பயன்படும் அக்கணினியில், குறிப்பேட்டுச் செயலி ஒன்றையும் நிறுவிக்கொண்டால், இத்தகைய நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

செயலியைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது அவசியம். நாம் எழுதும் குறிப்புகள் எங்கே இருக்கின்றன? செயலியை நடத்துவோர் நாளை அதை நிறுத்திவிட்டால், அவற்றை நாம் வெளியே எடுக்க இயலுமா?

இவை வீண் கவலைகள் அல்ல. கூகுள் நிறுவனம் நடத்திவந்த ‘நோட்புக்’ என்னும் சேவை 2012-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2008-இல் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற ‘எவர்நோட்’ செயலி, 2023 டிசம்பர் முதல், பணம் கட்டாதோர் 50 குறிப்புகளுக்கு மேல் உருவாக்க இயலாதென வரையறுத்தது. இலவசமாகக் கொடுப்பவர் நிபந்தனையை மாற்றவும் உரிமை உடையவரே. நம் பத்தாயம் அடுத்தவர் வீட்டில் இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

இக்காரணத்தால் நாம் ‘ஜாப்ளின்’ என்னும் செயலியைப் பரிந்துரைக்கிறோம். லோரான் கோசிக் என்பவர் தொடங்கிய இச்செயலியைப் பலர் கூடி வளர்த்து வருகின்றனர். இதன் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விலையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் கைப்பேசியிலும் இயங்கும். குறிப்புகள் நம் கணினியிலேயே இருப்பதால், இணையம் அற்ற வேளையிலும் எழுதலாம், தேடலாம்.

நிறுவும் முறை

விண்டோஸ் கணினியில் நிறுவுவதைக் கூறுவோம். ‘ஜாப்ளின் ஆப் டாட் ஆர்க்’ என்னும் அதன் சொந்த இணையதளத்திலிருந்தே கோப்பைப் பதிவிறக்க வேண்டும். பெயரளவில் ஒத்த பிற தளங்களை நாடலாகாது. கோப்பை இருமுறை அழுத்தினால், இக்கணினியைப் பயன்படுத்துவோர் அனைவருக்குமா, தமக்கு மட்டுமா என்று கேட்கும். சங்கக் கணினியைப் பலர் கையாளுவதால், எழுதுவோர் தமக்கெனத் தனிப் பயனர் கணக்கில் நுழைந்து, ‘எனக்கு மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவுவதே நலம். ஏனெனில் கணினியில் உள்ள குறிப்புகள் பூட்டப்பட்டவை அல்ல; அதே கணக்கில் உட்காருபவர் எவரும் படிக்கலாம். ஆகவே அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கடவுச்சொல் முதலியவற்றை இதில் எழுதலாகாது.

செயலியைத் திறந்ததும் மூன்று பகுதிகள் தோன்றும். இடப்புறம் ஏடுகளின் பட்டியல். நடுவில் ஏட்டிலுள்ள குறிப்புகளின் தலைப்புகள். வலப்புறம் எழுதும் இடம். எழுதும் முறை ‘மார்க்டவுன்’ எனப்படும். 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட எளிய முறை இது. வரியின் முன்னே ‘#’ குறியும் ஓர் இடைவெளியும் இட்டால் அது தலைப்பாகும். சிறுகோடும் இடைவெளியும் இட்டால் பட்டியலாகும். குறிகள் அனைத்தும் வெறும் எழுத்துகளே ஆதலால், இச்செயலி இல்லாத கணினியிலும் அவற்றைப் படிக்க முடியும். குறி இட விரும்பாதோர் ‘ரிச் டெக்ஸ்ட்’ என்னும் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுதல்

விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட விசையமைப்பு அது. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறலாம்.

இவ்வாறு எழுதுவது ஒருங்குறியில் அமையும், தேடினால் கிடைக்கும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை அப்படியே ஒட்டினால் புரியாத எழுத்துக் குவியலாகத் தோன்றக்கூடும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

ஏடுகளைப் பிரித்தல்

தொடக்கத்தில் ஏடுகள் நான்கைந்துக்கு மேல் வேண்டா. நெசவாளர் சங்கத்திற்குச் சாயம், நூல் வரத்து, டிசைன், கூட்ட முடிவுகள் என்பவை போதும். பயிரிடுவோர் வயலுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தலைப்பையும் ஆண்டு, மாதம், தேதி என்னும் வரிசையில் தொடங்கினால், குறிப்புகளைக் கால வரிசையில் அடுக்குவது எளிது.

சாயக் குறிப்பில் நூலின் நம்பர், எடை, சாயத்தின் பெயரும் எடையும், காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், தண்ணீரின் அளவு, சூடு, ஊறிய நேரம் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். தோய்த்த நூலின் படத்தையும் சேர்க்கலாம். ஆனால் கணினித் திரை காட்டும் நிறத்தை நம்பலாகாது. தோய்த்த நூலில் ஒரு சிறு துண்டை அட்டையில் கட்டி, குறிப்பின் தேதியை அதன்மேல் எழுதி, வெயில் படாமல் வைப்பதே சரி. அளவைக் கணினி காக்கட்டும். நிறத்தை நூலே காக்கட்டும்.

எவரேனும் தவறுதலாக ஓர் அளவை மாற்றிவிட்டால் பழைய வடிவத்தை மீட்க வழியுண்டு. செயலி தானாகவே மாற்றங்களின் வரலாற்றை 90 நாள்வரை வைத்திருக்கும்; இக்கால அளவை அமைப்புகளில் கூட்டவும் செய்யலாம்.

இரண்டாம் பிரதி

கணினி பழுதானால் என்ன செய்வது? ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, ‘சிங்க்ரொனைசேஷன்’ பகுதியில் டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற சேமிப்பிடம் ஒன்றைக் குறித்தால், குறிப்புகள் அங்கும் சென்று சேரும்; கைப்பேசியிலும் அவற்றைப் பெறலாம். அவ்வாறு அனுப்புவோர் ‘என்கிரிப்ஷன்’ என்னும் பூட்டையும் இடுவது நன்று. அதன் கடவுச்சொல் தொலைந்தால், பூட்டிய பிரதியை யாராலும் திறக்க இயலாது. ஆகவே காரியதரிசியுடன் நிர்வாகக் குழுவினர் மற்றொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

ஆயினும் இது மட்டும் போதாது. ஓரிடத்தில் அழித்தது மற்ற இடங்களிலும் அழியும் என்பதால், இதனைக் காப்புப் பிரதியாகக் கொள்ளலாகாது. மாதம் ஒருமுறை ‘ஃபைல்’ பட்டியலில் ‘எக்ஸ்போர்ட் ஆல்’ என்பதன் வழியே, ‘ஜெக்ஸ்’ வடிவில் ஒரு பிரதியும் ‘மார்க்டவுன்’ வடிவில் ஒரு பிரதியும் எடுத்து, பென் டிரைவில் ஏற்றி, அலுவலகத்திற்கு வெளியே பத்திரப்படுத்த வேண்டும். முன்னது படங்களோடும் ஏடுகளின் அமைப்போடும் செயலிக்குள் திரும்ப ஏற்றுவதற்கு; பின்னது செயலியே மறைந்தாலும் படிப்பதற்கு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு கணினியில் அப்பிரதியை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். திறந்து பாராத விதைப் பானையை நம்பி உழுவோர் உண்டோ?

செயலியை நிறுவ அரைமணி நேரம் போதும். அதில் எழுத வேண்டியதைச் சேர்ப்பதே பெரும் பணி. ஒவ்வொரு சங்கத்திலும் முதிய சாயக்காரரும் அனுபவமிக்க உழவரும் இன்றும் இருக்கின்றனர். இளைய அங்கத்தினர் ஒருவர் வாரம் ஒரு மாலை அவர்கள் அருகில் அமர்ந்து, கேட்டு எழுதி, படித்துக்காட்டித் திருத்திக்கொள்வாராக. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.