சிடி ஓடலையா? பதற வேண்டாம்!

நம் சேத்தூர்ப் பகுதியில் சில குழுக்களின் பழைய கடன் கணக்கு இன்னும் சிடியில்தான் இருக்கிறது. லேப்டாப்பில் போட்டால் ஓடலையே என்கிறீர்களா? நாம் செய்ய வேண்டியது இதுதான்.

வேறொரு நல்ல சிடியைப் போடுங்கள். அது ஓடினால் கோளாறு உங்கள் சிடியில்தான். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். பதிவு சுற்றிச் சுற்றி இருப்பதால், வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தா படிக்காது.

எந்த சிடியும் ஓடலைன்னா டிரைவைப் பாருங்கள். லென்சில் தூசி இருக்கலாம். லேப்டாப்பை அணைத்துவிட்டு, புது பட்ஸால் மெதுவாகத் துடைக்கலாம். விரல் படக் கூடாது.

அப்பவும் சரியாகலையா? யூஎஸ்பியில் மாட்டும் தனி டிரைவ் போதும், லேப்டாப்பை மாற்ற வேண்டாம்.

ஓடியதும் பென் டிரைவில் 2 பிரதி எடுத்துவிடுவோம். ஒரு சிடியில் 700 எம்பிதான், எளிதாக அடங்கும். கணக்கு கையில் இருந்தால்தானே தணிக்கைக்குத் தைரியமா உட்கார முடியும்!